பொருள் எண் ஏழு

நீங்களும் கேட்டுட்டியளா அண்ணாச்சி? இந்த ரயில்வே கேட்டுல பஸ்ஸு நிக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, "எந்தக் கிறுக்கன்யா காட்டு மரத்துக்குப் போயி வெள்ளையடிச்சான்"னு கேக்காம இருக்கதில்ல. நீங்க கிறுக்கன்னு சொல்லல. மரியாதையா "யாரு"ன்னு கேட்டிய. அதனால சொல்லுதேன். நாந்தான்.

எந்திக்காதிய, உக்காருங்க. கூட்ஸ் வண்டி இன்னும் வரல.

என் பேரு பால்வண்ணநாதன். இந்தா கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தெரியுதுல்லா, அது பூராவும் பல்கலைக்கழகத்துக் காடு. எரநூத்தி அறுவது ஏக்கர். நான் அங்க தோட்டப் பிரிவு சூப்பிரண்டு. முப்பத்தி மூணு வருச சர்வீஸு. ஒரு நாள் லேட்டு கிடையாது, ஒரு மெமோ கிடையாது. வார பங்குனியில ரிடையராவணும். இந்த நேரத்துல வாங்கிட்டேன் பாத்துக்கிடுங்க, மெமோ. எதுக்கு? சுத்தமா வச்சதுக்கு.

சும்மா காடு இல்ல அண்ணாச்சி, படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள காடு. அத நடத்த ஒரு கூட்டுக்குழு இருக்கு. தாவரவியல்ல ஒரு பேராசிரியர், விலங்கியல்ல ஒரு பேராசிரியர், எஸ்டேட் ஆபீசர், பக்கத்துல செம்பறைக்குளம்னு ஒரு ஊரு, அதுக்கு ஒரு ஆளு. நான் செயலாளர். கூட்டத்துக்குக் கடிதம் போடுதது, மினிட்ஸ் எழுதுதது, டீ வடை சொல்லுதது எல்லாம் என் பாடு. கூட்டம்னா என்ன? ஆடுதான். தாவரவியல் சாரு ஆடு உள்ள வரக்கூடாதும்பாரு, மரக்கன்ன பூராவும் தின்னுருதும்பாரு. விலங்கியல் சாரு ஆடு வந்தே ஆகணும்பாரு, ஆட்டுப் புழுக்கைய உருட்டுத வண்டப் பத்தித்தான் அவரு ஆராய்ச்சி. நான் ரெண்டு பேரு சொன்னதையும் எழுதி, 'பரிசீலிக்கப்படும்'னு முடிச்சிருவேன். பதினோரு வருசமா ஆடு பரிசீலனையில இருந்துச்சு. உள்ளயும் இருந்துச்சு.

ஊருக்கு என்ன பாத்தியதன்னு கேளுங்க. வேப்பமுத்து. நிலத்தப் பல்கலைக்கழகத்துக்குக் குடுக்கும்போதே எழுதி வாங்கிட்டாங்க. மரம் ஒங்களுக்கு, கீழ விழுத முத்து எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு. ஆனி பொறந்துட்டா இருவத்தி நாலு பொம்பளைக சாக்கத் தூக்கிட்டு வந்துருவாளுக. பொறக்குவாளுக, காயப்போடுவாளுக, எடைக்குப் போடுவாளுக. யாரு எந்த மரத்தடியில பொறக்குதாங்கத நான் பாக்கதில்ல. அது அவளுக விசயம். எனக்கு எதுக்கு?

இப்ப பெல்சியப் பத்திச் சொல்லணும். மரிய பெல்சி, உவரிப் பக்கத்துப் பிள்ள. ஆடு வேண்டாம்பாருன்னேன்லா, அந்தத் தாவரவியல் சாரு தாணுமூர்த்தி, அவருட்ட பிஎச்டி. இந்தக் காட்டுல வேம்பு மட்டும் நானூத்தி எட்டு நிக்கி. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பரு, பெயிண்டுல. நெஞ்சு உயரத்துல ஒரு செவப்புக் கோடு. வருசா வருசம் ஆனியில அந்தக் கோட்டு மேலயே டேப்பச் சுத்தி, மரம் எத்தன சென்டி பெருத்திருக்குன்னு நோட்டுல எழுதணும். முதல் ஆறு வருசம் சாரு எழுதினாரு, அடுத்த அஞ்சு வருசம் இந்தப் பிள்ள. "ஏ பிள்ள, மரம்னா பெருக்கத்தான் செய்யும். இதுக்கு எதுக்குப் பதினோரு வருசம்?"னு நான் ஒருநா கேட்டேன். "எவ்வளவுன்னு தெரியணும்லா சார்"ன்னா. நல்ல பிள்ள. எதுத்துப் பேசமாட்டா.

தகட்டுல நம்பர் அடிச்சு ஆணி வைக்கலாம்லான்னு கேப்பிய. வச்சிருந்தாங்க. அலுமினியத் தகடு. ஆறே மாசத்துல நானூத்தி எட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போயிட்டு. அதுக்குப் பெறகுதான் பெயிண்டு.

போன வருசத்துக்கு முந்தின வருசம் வைகாசியில, பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட டெல்லியில இருந்து ஒரு குழு வருதுன்னு ஒரே அமளி. பதிவாளர் ஆபீஸ்ல இருந்து சுற்றறிக்கை. 'வளாகம் முழுவதும் தூய்மையாகவும் பொலிவாகவும் இருத்தல் வேண்டும்.' முழுவதும்னா காடும்தான அண்ணாச்சி? அந்தக் காட்டப் பாத்தா பொலிவா இருக்கா? ஒரு மரம் கோணி நிக்கி, ஒரு மரத்துல கறையான் புத்து, நம்பர் எழுதுன பெயிண்டு வடிஞ்சு கன்னங்கரேல்னு கெடக்கு.

நான் விதிப்படி நடக்கவன். கூட்டுக்குழுவுல வைக்காம ஒரு எருக்கஞ்செடியக்கூடப் பிடுங்கமாட்டேன். பொருள் எண் ஏழு: 'குழு வருகையை முன்னிட்டு வனப்பகுதி மரங்களின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு மற்றும் காவி பூசுதல், ஒப்புதல் வேண்டி.' எழுதி வச்சிட்டேன். அன்னிக்குப் பாத்து ஆறாவது பொருள் ஆடு. சண்ட போட்டே மணி ஒண்ணாயிட்டு, வடையும் ஆறிட்டு. தாணுமூர்த்தி சாரு கைக்கடிகாரத்தப் பாத்துட்டு, "மிச்சமெல்லாம் வழக்கம்போலத்தான பால்வண்ணநாதன்?"னாரு. "வழக்கம்போலத்தான் சார்"னேன். மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கது வழக்கம்தான, பொய்யா சொன்னேன்? நாலு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ஊர்ப் பிரதிநிதி படிக்கத் தெரியாம போட்டாரு. மத்தவங்க படிக்கத் தெரிஞ்சும் படிக்காம போட்டாங்க.

வேலைய எப்படிச் செஞ்சேன் தெரியுமா? அடிப்பாகம்னு எழுதியிருக்கேன்னு முழங்கால் உயரத்துக்கா அடிக்க முடியும்? லெச்சணமா இருக்காது. ஆள் உயரத்துக்கு வெள்ள. அதுக்கு மேல ஒரு சாண் காவிப் பட்ட. சுண்ணாம்பு பிடிக்கணும்னா மரம் சுத்தமா இருக்கணும்லா, அதனால மொதல்ல கம்பி பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். பழைய கிறுக்கலெல்லாம் போயிட்டு.

அந்தக் கிறுக்கல்தான் நம்பர்னு தெரியாதான்னு எல்லாரும் கேக்காங்க. தெரியும் அண்ணாச்சி. தெரியாம இருக்குமா? நம்பர்தான் நோட்டுல பத்திரமா இருக்கேன்னு நெனச்சேன். ஆபீஸ்ல பைல் நம்பர் ரிஜிஸ்தர்ல இருந்தா போதும்லா? மரமும் அப்படித்தான்னு ஒரு நெனப்பு.

இன்னொண்ணு. மழை வந்தா கரைஞ்சிரக்கூடாதுன்னு சுண்ணாம்புல, ஆசாரிமாரு மரம் ஒட்டுத வஜ்ஜிரப் பசை கலந்தேன். இப்பப் பாருங்க, ரெண்டு மழக்காலம் போயிட்டு, பஸ்ஸுல இருந்து ஒங்க கண்ணுல பட்டுதா இல்லியா? இந்தக் காலத்துல யாரு இப்படி அடிக்கா?

டெல்லிக் குழு வந்துச்சு. வேன விட்டு இறங்கல, கண்ணாடிய மட்டும் இறக்கினாங்க. நாலு நிமிசம். அதுல ஒரு அம்மா, "இது காடா, மிலிட்டரி கேம்பா"ன்னு கேட்டாங்க. மிலிட்டரி! அதவிட ஒழுங்கு ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா? எனக்கு அன்னிக்கு மத்தியானம் சோறு இறங்கல, அவ்வளவு சந்தோசம்.

அந்தா கூட்ஸ் போயிட்டு. பஸ்ஸு கெளம்பட்டும், ஜங்ஷனுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.

பெல்சி அந்த ஒரு மாசமும் ஊர்ல இல்ல. அம்மைக்கு ஆபரேசன். ஆனி மாசம் அளக்குததுக்கு டேப்பும் நோட்டுமா வந்து எறங்கினா. நானே கூடப் போனேன், காட்டத் தொறந்து காட்டுததுக்கு. "எப்படி இருக்கு பிள்ள?"ன்னு கேட்டேன். ஒரு மரத்துக்கு முன்னால குத்தவச்சு நகத்தால சொரண்டுதா. வஜ்ஜிரம் போட்ட சுண்ணாம்பு நகத்துக்கா வரும்? நகந்தான் பிஞ்சுது. "விடு பிள்ள, அது போவவே போவாது"ன்னேன். கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன், இல்லங்கல.

அவ திரும்பிப் பாத்தா. அழல. அழுதாக்கூட ஏதாவது தேறுதல் சொல்லலாம். "பதினோரு வருசம் சார்"ன்னா. அவ்வளவுதான். எனக்கும் ஒரு பொம்பளப்பிள்ள இருக்கா. அன்னிக்கு அந்தப் பிள்ள மூஞ்சிய என்னால பாக்க முடியல, நெசமாச் சொல்லுதேன்.

பாக்க முடியாட்டாலும் யோசனை சொன்னேன். "நான் ஆள் வச்சு ஒண்ணுல இருந்து நானூத்தி எட்டு வரைக்கும் புதுசா எழுதித் தாரேன்"னேன். "போன வருசத்து நூத்தி அஞ்சு எதுன்னு தெரியாம, இந்த வருசத்து நூத்தி அஞ்ச அளந்து நான் என்ன சார் செய்ய?"ன்னு கேட்டா. செல்போன் மேப்புல எடம் குறிச்சு வச்சிருக்கியேன்னேன். அது பத்தடி தள்ளித்தான் காட்டுமாம். பத்தடிக்குள்ள மூணு வேம்பு நிக்கி. மார்கழிக்குள்ள ஆராய்ச்சிய ஒப்படைக்கணும், அதுக்கு மேல தவணை கிடையாதுன்னா. அப்பத்தான் எனக்கு விசயம் எவ்வளவு பெருசுன்னு லேசா ஒறச்சுது.

மறுநாள் தாணுமூர்த்தி சாரு வந்தாரு. சாதுவான மனுசன், ஆட்டச் சொன்னாத்தான் கோவம் வரும். "ஒமக்கு அறிவிருக்காவே?"ன்னாரு. மினிட்ஸ் நோட்ட எடுத்து, ஏழாவது பொருளத் திருப்பி நீட்டினேன். பச்ச மையில அவரு கையெழுத்து. ரெண்டு தடவ படிச்சாரு. அப்படியே நாற்காலியில உக்காந்து தண்ணி கேட்டாரு.

ஆனாலும் மெமோ எனக்குத்தான் வந்துச்சு. குழு தீர்மானம் போட்டா, குழுவுக்கு மெமோ குடுக்க விதி இல்லியாம். செயலாளருக்குத்தான் விதி இருக்காம். கூட்டு நிர்வாகம்னா இதுதான் அண்ணாச்சி. முடிவு கூட்டா எடுக்கணும், மெமோவத் தனியா வாங்கணும்.

அஞ்சாறு நாள் கழிச்சு, காலையில பத்தர மணி இருக்கும். பெல்சி என் ஆபீஸ்ல நிக்கா. கையில ஒரு விண்ணப்பம். ஆராய்ச்சிய நிறுத்திக்கிடுதேன், காட்டுல எனக்குப் பாக்கி ஒண்ணும் இல்லன்னு எழுதி, அதுக்கு என் சீலு வேணுமாம். நான் சீல எடுத்து மையில ஒத்திட்டேன். அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரே கூப்பாடு. இருவத்தி நாலு பொம்பளைகளும் நிக்காளுக. முன்னால முத்துப்பேச்சி. அவ ஒருத்தி பேசினா இருவத்தி நாலு பேரு பேசின மாதிரி.

"சூப்பிரண்டே, என் தொண்ணூத்தாற எங்க?"

"என்னது?"

"எம்மரம். தொண்ணூத்தாறு. நம்பர அழிச்சுப்புட்டு நீரு பாட்டுக்கு இங்கன ஃபேன் காத்துல இருக்கீரு. அங்க இந்த ஆவுடத்தங்கம் எம்மரத்தடியில சாக்க விரிச்சுட்டுத் தன் மரம்ங்கா!"

"ஏளா, அது எம்மரந்தான்!"னு பின்னால இருந்து ஆவுடத்தங்கம்.

வெசாரிச்சா, விசயம் இதுதான். முத்து பொறக்குததுல வருசா வருசம் குடுமிப்பிடிச் சண்ட வந்திருக்கு. ஒம்பது வருசத்துக்கு முன்னால அம்மங்கோயில்ல வச்சுச் சீட்டுக் குலுக்கி, ஆளுக்குப் பதினேழு மரம்னு பிரிச்சிட்டாளுக. எத வச்சுப் பிரிக்க? பெயிண்டுல எழுதுன நம்பர வச்சுத்தான். காட்டுச் செயலாளரு நான், எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாருங்க.

"சரி, ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க, சீலு காயுது"ன்னேன்.

பெல்சி முன்னால வந்தா. "அக்கா, ஒங்க நம்பரெல்லாம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? இருவத்தி ரெண்டு, நாப்பத்தி மூணு, தொண்ணூத்தாறு, நூத்தி முப்பது..." பதினேழையும் மூச்சு விடாமச் சொன்னா முத்துப்பேச்சி.

"எந்த நம்பர் எந்த மரம்னு?"

"பெத்த பிள்ளையத் தெரியாதுங்கியா? எனக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். நம்பர் போயிட்டுன்னு தெரியாத மாதிரி நடிக்கா."

பெல்சி என் மேசைக்கு வந்து, சீலுக்கு அடியில இருந்த விண்ணப்பத்த உருவிட்டா. ஒரு ஓரத்துல மை அப்பிட்டு. கிழிச்சுக் கூடையில போட்டுட்டு அந்தப் பொம்பளைக பின்னாலயே ஓடுதா, செருப்பக்கூட ஒழுங்கா மாட்டல. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அரசாங்கக் காகிதத்த இப்படியா கிழிக்கதுன்னுதான் தோணுச்சு.

நாலு நாள் நடந்துச்சு அண்ணாச்சி. ஒவ்வொருத்தியா முன்னால போறா, பெல்சி நோட்டோட பின்னால போறா. "இது இருவத்தி ரெண்டு, கொப்புல தேன்கூடு இருந்த தடம் பாரு." "இது எரநூத்திப் பதினொண்ணு, எம்மவளுக்கு ஊஞ்சல் கட்டுன மரம், கயிறு அறுத்த வடு கெடக்கு." சொல்லுததோட விடல. டேப்ப வச்சு அளந்து, போன வருசக் கணக்குக்குப் பக்கத்துல வருதான்னு பெல்சி சரிபாக்கா. வந்தா நம்பர் எழுது. வராட்டா அடுத்த மரத்துக்குப் போ.

தொண்ணூத்தாறுலதான் பஞ்சாயத்து. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வேம்பு. ஒண்ணு பெருசு, காச்சுக் கொட்டும். ஒண்ணு சவலப் பிள்ள மாதிரி நிக்கும். முத்துப்பேச்சிக்குச் சீட்டுல விழுந்தது தொண்ணூத்தாறு, ஆவுடத்தங்கத்துக்குத் தொண்ணூத்தேழு. பெருசுதான் தொண்ணூத்தாறுங்கா இவ. பெருசுதான் தொண்ணூத்தேழுங்கா அவ. ஒருத்தி தாலி மேல சத்தியம் பண்ணுதா, ஒருத்தி இசக்கியம்மன் மேல. பெல்சி நோட்டப் பிரிச்சா. "போன வருசம் தொண்ணூத்தாறு எம்பத்தெட்டு சென்டி. தொண்ணூத்தேழு நூத்தி முப்பத்தொண்ணு." பெரிய மரத்த அளந்தா, நூத்தி முப்பத்தி மூணு. ஆவுடத்தங்கம் சாக்க உதறி விரிச்சு நடுவுல உக்காந்துட்டா.

முத்துப்பேச்சிக்கு மொகம் சுண்டிப்போச்சு. சின்ன மரத்தடியில போயி நின்னு, "அதையும் அள"ன்னா. தொண்ணூத்திரெண்டு. ஒடனே இடுப்புல கைய வச்சிட்டா. "பாத்தியளா? அவ மரம் ரெண்டு சென்டிதான் கூடியிருக்கு. எம்மரம் நாலு! வளக்குத கை அப்படி!" அன்னையில இருந்து பிடிச்சுது பாருங்க கிறுக்கு. இருவத்தி நாலு பேருக்கும் தன் மரம் எத்தன சென்டின்னு தெரிஞ்சாவணும். ரேசன் கடையில நின்னாலும் சென்டிக் கணக்குதான் பேச்சு.

நானூத்தி எட்டுல நானூத்தி மூணு மரம் ஒத்து வந்துட்டு. அஞ்சுதான் சேரல. தரையில இருந்து நாலர அடி அளந்து செவப்புக் கோடும் மறுபடி போட்டாச்சு. புது நம்பரக் கறுப்புப் பெயிண்டுல எழுதியிருக்காங்க, கவனிச்சியளா? வெள்ளையில கறுப்பு எவ்வளவு எடுப்பாத் தெரியுது! அந்த வெள்ள யாரு போட்டது? இத ஒருத்தராவது சொல்லணுமே. சொல்லமாட்டாங்க.

இப்ப எனக்குக் கஷ்டம் எதுலன்னா, கூட்டந்தான். ஊர்ப் பிரதிநிதியா இப்ப முத்துப்பேச்சி வாரா. நோட்டுக்கு ஒரு நகல் ஊர்லயும் இருக்கணும்னு தீர்மானம் போட வச்சிட்டா, அது அம்மங்கோயில் உண்டியப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கு. பொருள் எண் ஒண்ணுல இருந்து கடேசி வரைக்கும் நான் சத்தமா வாசிக்கணும். புரியலைன்னா மறுபடி வாசிக்கணும். எல்லாரும் சரின்னு வாயத் தொறந்து சொன்னாத்தான் கைநாட்டு வைப்பா. பேராசிரியர்மாரும் வேற வழியில்லாம ஒக்காந்து கேக்காங்க. ஆட்டுச் சண்டையும் சேத்து ஒண்ணர மணி நேரத்துல முடிஞ்ச கூட்டம் இப்ப மூணு மணி நேரம் இழுக்குது. வடை ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருக்கு.

அந்த ஆட்டு விசயத்தையும் முடிச்சிட்டா அண்ணாச்சி. "கன்னு வச்ச பக்கம் ஆடு போவாது, வண்டு இருக்க பக்கம் மேயட்டும். ஆடு எங்க வீட்டு ஆடு, சொன்னாக் கேக்கும்"னா. ரெண்டு சாரும் தலையாட்டிட்டாங்க. பத்து நிமிசம்! இத நான் எப்பவோ முடிச்சிருப்பேன். ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்குல்லா?

பெல்சிக்குப் போன மாசம் டாக்டர் பட்டம் கெடச்சிட்டு. கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டு ஆபீஸுக்கு வந்தா. கெட்டி அட்ட போட்ட அந்தப் பொஸ்தகத்தையும் காட்டினா. மொதப் பக்கத்துல நன்றி. இருவத்தி நாலு பொம்பளைக பேரும் வரிசையாப் போட்டு, ஒவ்வொரு பேருக்கும் நேர அவளுக மர நம்பரு. தோட்டக்காரன் பேரு இருக்கு. கேட்டு வாட்ச்மேன் பேரு இருக்கு. மேலயும் கீழயும் தேடிப் பாத்தேன், என் பேரு இல்ல. மனசு ஒடஞ்சு போச்சு அண்ணாச்சி, மறைக்காம சொல்லுதேன். மிட்டாய மேசையிலயே வச்சிட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு அது புரிஞ்சிருக்கும்போல. "சார், நீங்க ரெண்டாவது அத்தியாயத்துல இருக்கிய"ன்னா. முப்பத்தெட்டாம் பக்கத்தப் பிரிச்சுக் குடுத்தா. பூரா இங்கிலீஷு. டைப்பிஸ்டக் கூப்பிட்டு வாசிச்சுத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். அவன் ஏனோ சிரிப்ப அடக்கிக்கிட்டே வாசிச்சான். 'ஆய்வுக் காலத்தில் இக்காட்டுக்கு நேர்ந்த பெருஞ்சேதங்கள் மூன்று. ஒன்று, புயல். இரண்டு, காட்டுத் தீ. மூன்று, நிர்வாகம்.' நிர்வாகம்னா யாரு? நான்தான! வருசம், மாசம், சுண்ணாம்பு, வஜ்ஜிரம், கம்பி பிரஷ் எல்லாம் விவரமா எழுதியிருக்கா.

இந்தாங்க, நகல் எடுத்து லேமினேட் பண்ணிப் பையிலயே வச்சிருக்கேன். பாருங்க, நல்லா வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. புயலுக்கு ஒரு வரி. தீக்கு ரெண்டு வரி. எனக்கு முழுசா ஒரு பாரா அண்ணாச்சி.